போர்டன் ஊருக்கு எந்தப் போர்டன்?

சாஸ்கட்டூன் நகரிலிருந்து யெல்லோஹெட் நெடுஞ்சாலையில் வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் போய், வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றைத் தாண்டினால் போர்டன் வரும். சஸ்காச்சுவான் மாகாணத்தின் கோதுமை மண்ணில் ஏறக்குறைய 300 பேர் வாழும் சிற்றூர் அது. கனடாவின் அரசியல் வரலாறு கொஞ்சம் தெரிந்த எவரும் பெயரைக் கேட்டவுடன் பிரதமர் சர் ராபர்ட் போர்டனின் பெயர்தான் இது என்று சொல்லிவிடுவார்கள். முதல் உலகப்போர் காலத்தில் நாட்டை ஆண்டவர் அவர். 1970களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் 100 டாலர் நோட்டில் இருந்ததும் அவர் முகம்தான். ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் வேறொரு போர்டன். ராபர்ட்டின் உறவினர், எதிர்க்கட்சிக்காரர், சர் ஃபிரெடரிக் வில்லியம் போர்டன்.

நம்மவர்களுக்கு இந்தக் குழப்பத்தின் வேர் உடனே பிடிபடாது. நம் பக்கம் பெரும்பாலும் ஒருவருடைய சொந்தப் பெயரே ஊருக்கும் தெருவுக்கும் போகும். கனடாவில் இடங்களுக்குப் பெயர் வைக்கும்போது குடும்பப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முதற்பெயரை விட்டுவிடுவது வழக்கம். குடும்பத்தில் ஒரே தலைமுறையில் இரண்டு பேர் பெரிய பதவிக்கு வந்துவிட்டால், நூறு ஆண்டு கழித்து எந்தப் பலகை யாருடையது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இவர்கள் விஷயத்தில் பொருத்தங்களும் அதிகம். இருவரும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கிங்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர்கள். ஃபிரெடரிக் 1847இல் கார்ன்வாலிஸில், ராபர்ட் 1854இல் கிராண்ட் பிரேயில். 1896 முதல் சில ஆண்டுகள் இருவரும் ஒரே நாடாளுமன்றத்தில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் 'சர்' பட்டம் உண்டு: ஃபிரெடரிக்குக்கு 1902இல், ராபர்ட்டுக்கு 1914இல். ஆக, பழைய ஆவணத்தில் 'சர் போர்டன்' என்று மட்டும் இருந்தால், அது 1914க்கு முந்தையதா பிந்தையதா என்று பார்க்காமல் ஆளைத் தீர்மானிக்கக் கூடாது.

ஃபிரெடரிக் படிப்பால் மருத்துவர், ஹார்வர்டில் பயின்றவர். 1874இல் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். 1896இல் வில்ஃபிரட் லோரியே பிரதமரானதும் படைத்துறை அமைச்சரானார். 1911 வரை பதினைந்து ஆண்டுகள் அதே பொறுப்பில் இருந்தார். அந்த அமைச்சு அதுவரை தொகுதிக்காரர்களுக்குப் பதவி பகிர்ந்து கொடுக்கும் இடமாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. வாரக்கடைசிச் சிப்பாய்களின் தொகுப்பாக இருந்ததை, மருத்துவப் படை, பொறியியல் படை, தளவாடப் படை என்று தனித்தனி உறுப்புகள் கொண்ட ராணுவமாக மாற்றத் தொடங்கியவர் அவர். 1904ஆம் ஆண்டுப் படைச் சட்டத்துக்குப் பிறகு தலைமைத் தளபதிப் பதவியில் கனடா நாட்டவரையே அமர்த்த வழி பிறந்தது. ஹாலிஃபாக்ஸ், எஸ்குவிமால்ட் கோட்டைகளைப் பிரிட்டிஷ் படையிடமிருந்து கனடா பொறுப்பேற்றதும் அவர் காலத்தில்தான்.

ஊரின் பிறப்பும் இதே காலம். 1903இல் லோரியே அரசு, வில்லியம் மெக்கன்சியும் டொனால்ட் மேனும் நடத்திய கனடியன் நார்தர்ன் ரயில்வேயின் கடன் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்தப் பணத்தில் போடப்பட்ட முதன்மைப் பாதை 1905இல் இந்தப் பகுதியைக் கடந்து, அந்த ஆண்டு இறுதியில் எட்மன்டனை எட்டியது. சஸ்காச்சுவான் தனி மாகாணமானதும் 1905 செப்டம்பர் 1ஆம் தேதிதான்.

மேற்குச் சமவெளியில் ஊர் எங்கே வரும் என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் ரயில் நிறுவனம். குதிரை வண்டியில் தானிய மூட்டை ஏற்றி வரும் விவசாயி ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். அதனால் ஏறக்குறைய 13 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் வைத்தார்கள். தண்டவாளத்தின் ஓரமாகத் தானியக் கிடங்குக் கோபுரங்கள், அதற்கு இணையாக ரயில்வே அவென்யூ, அதற்குக் குறுக்கே கடைத்தெரு. இந்த அச்சு ஊருக்கு ஊர் மாறவில்லை. மனைகளை விற்று லாபம் பார்த்ததும் நிறுவனமே. பெயர் வைக்கும் உரிமையும் நடைமுறையில் அவர்களிடமே இருந்தது. ஏற்கெனவே குடியேறியவர்கள் வேறொரு பெயரில் அஞ்சலகம் வைத்திருந்தாலும், நிலையப் பலகையில் இருப்பதுதான் நிலைத்தது.

நிறுவனம் எந்தக் கணக்கில் பெயர் வைத்தது என்பதற்கு அதே பாதையில் இருக்கும் மற்ற நிலையங்களைப் பார்க்க வேண்டும். போர்டனுக்கு மேற்கே ராடிசன் வருகிறது. பழைய நாடுகாண் பயணி ஒருவரின் பெயர். அதையடுத்து ஃபீல்டிங்: லோரியே அரசின் நிதி அமைச்சர் வில்லியம் ஸ்டீவன்ஸ் ஃபீல்டிங். இன்னும் தள்ளி மேமான்ட், மெக்கன்சியின் உறவுப் பெண் ஒருவரின் பெயரைச் சுருக்கிச் செய்தது. அதற்கும் அப்பால் லாஷ்பர்ன், நிறுவனத்தின் வழக்கறிஞர் லாஷின் பெயர். முதலாளியின் வீட்டார், வக்கீல், கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அரசின் அமைச்சர்கள் என்று பட்டியல் ஓடுகிறது. ஃபீல்டிங்கும் நோவா ஸ்கோஷியாக்காரர், லிபரல் அமைச்சர். இரண்டு நிலையம் முன்னால் இருக்கும் போர்டன், அவருடைய அமைச்சரவைச் சகா.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். 1905இல் ராபர்ட் போர்டன் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர். 1904 தேர்தலில் கட்சியும் தோற்று, சொந்தத் தொகுதியான ஹாலிஃபாக்ஸிலும் தோற்று, அடுத்த ஆண்டு ஒன்டாரியோவின் கார்ல்டன் தொகுதி வழியாகத்தான் அவைக்குத் திரும்பினார். புதிய மாகாணங்களை உருவாக்கும் மசோதாவில் பொது நிலங்களை மத்திய அரசே வைத்துக்கொள்வதை எதிர்த்து அவர் வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது. லிபரல் அரசின் தயவில் ஓடிய நிறுவனம் அவருக்கு அந்த ஆண்டு ஒரு நிலையத்தைக் காணிக்கையாக்கக் காரணம் ஏதுமில்லை. 1907இல் போர்டன் முறைப்படி கிராம நிர்வாகம் பெற்றபோதும் நிலைமை அதேதான். ராபர்ட் பிரதமராக இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

எனவே, பெயர் முதன்முதலில் புழங்கிய ஆண்டைப் பிடி, அப்போது யார் ஆட்சியில் இருந்தார்கள் என்று பார் என்பது நல்ல விதி. சஸ்காச்சுவான் போர்டனுக்கு அது சரியாக வேலை செய்கிறது. ஆனால் அதை அப்படியே ஒன்டாரியோவுக்குக் கொண்டுபோனால் தவறான விடை வரும்.

டொரொன்டோவுக்கு வடக்கே, பேரி நகரை ஒட்டி, போர்டன் ராணுவத் தளம் இருக்கிறது. 1916 ஜூலையில் திறந்தார்கள். முதல் உலகப்போரின் மேற்குப் போர்முனைக்கு ஆள் அனுப்ப ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே விமானிகளுக்கும் அங்கு பயிற்சி தொடங்கியது. கனடிய விமானப்படையின் தொட்டில் என்று சொல்வது அதனால்தான். 1916இல் பிரதமர் ராபர்ட் போர்டன். ஆட்சி கன்சர்வேடிவ் ஆட்சி. விதிப்படி அது ராபர்ட்டின் பெயராக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதுவும் ஃபிரெடரிக்கின் பெயர்தான். பெயர் வைத்தது ரயில் நிறுவனம் அல்ல, படைத்துறை. படைத்துறை கௌரவித்தது தன் பழைய அமைச்சரை. அவர் அப்போது உயிரோடும் இருந்தார். 1917 ஜனவரியில் கேனிங் ஊரில் காலமானார்.

ஆகவே ஆண்டோடு நின்றுவிடாமல், பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ரயில் நிறுவனம், அஞ்சல் துறை, நில அளவையாளர்கள், படைத்துறை என்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ராபர்ட்டுக்கென்று சந்தேகமில்லாத இடங்களும் உண்டு. பிரின்ஸ் எட்வர்ட் தீவை நிலப்பகுதியோடு இணைக்க, ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் பனியுடைக் கப்பல் வேண்டும் என்பது தீவுக்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. ராபர்ட் போர்டனின் அரசு அதை ஏற்றது. 1917இல் கப்பல் ஓடத் தொடங்கிய துறைமுகம் போர்ட் போர்டன். தீவின் தண்டவாளம் 1,067 மில்லிமீட்டர் அகலம், எதிர்க்கரையில் 1,435. கப்பல் வந்ததும் தீவின் பாதைகளைப் படிப்படியாக அகலப்படுத்தவேண்டி வந்தது. 1997 மே 31இல் 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலம் அதே ஊரில் கரையேறியதும் கப்பல் நின்றது. அதற்குச் சற்று முன், 1995இல், பக்கத்துக் கார்ல்டன் சைடிங்கோடு சேர்ந்து ஊர் போர்டன்-கார்ல்டன் ஆனது. ராபர்ட் ஒரு காலத்தில் கார்ல்டன் தொகுதி உறுப்பினராக இருந்ததைப் படித்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடக்கூடும். தொடர்பே கிடையாது, அந்தத் தொகுதி ஒட்டாவாவைச் சுற்றியது. வடதுருவப் பகுதியின் போர்டன் தீவும் ராபர்ட்டுடையது. அவரது அரசின் ஆதரவில் 1913 முதல் 1918 வரை நடந்த ஆய்வுப் பயணம் தந்த பெயர்.

இரண்டு போர்டன்களின் வேலையும் ஒன்றோடொன்று மோதிய இடம் ராஸ் துப்பாக்கி. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டைக் கனடாவில் தயாரிக்க வழி கிடைக்காதபோது, ஃபிரெடரிக்கின் அமைச்சு 1902இல் சார்லஸ் ராஸுடன் ஒப்பந்தம் போட்டது. கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. தாழ்ப்பாளைத் திருப்பாமல் நேராகப் பின்னுக்கு இழுத்தாலே திறக்கும் அமைப்பு; குறி தப்பாத துப்பாக்கி. சுடுதளத்தில் பரிசுகள் வாங்கியது. போர்க்களத்தில் நிலைமை வேறு. தோட்டா அமரும் அறை இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தது. அவசரத்தில் தயாரான பிரிட்டிஷ் தோட்டாக்கள் அளவில் ஒரு மயிரிழை பெருத்திருந்தால், தொடர்ந்து சுட்டுச் சூடேறியதும் வெற்றுக் குப்பி உள்ளேயே சிக்கும். திறக்கும்போது தாழ்ப்பாளின் பின்புற மறை, தடுப்புத் தகட்டில் மோதி மோதிச் சிதைந்துபோகும். பிறகு மூடுவதே சிரமம். அகழியின் சேறு மிச்சத்தைச் செய்தது. காலால் உதைத்துத் தாழ்ப்பாளைத் திறந்த சிப்பாய்கள் 1915இல் ஈப்ர போரில் அதை வீசிவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916இல் ராபர்ட் போர்டனின் ஆட்சியில்தான் அது முனையிலிருந்து முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. ஃபிரெடரிக்கை முழுக்க முழுக்கச் சீர்திருத்தவாதியாகவே எழுதுகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை.

1911 செப்டம்பர் 21 தேர்தலில் அமெரிக்காவுடனான வரிச் சலுகை ஒப்பந்தம் முதன்மை விவாதமானது. ராபர்ட் வென்று பிரதமரானார். உறவினர் வென்ற அதே அலையில் ஃபிரெடரிக் தன் கிங்ஸ் தொகுதியை இழந்தார், ஃபீல்டிங்கும் தோற்றார். ஒரே பாதையில் நிலையங்களாக நின்ற இரண்டு பெயர்களும் ஒரே நாளில் பதவி இழந்தன. ஆனால் சஸ்காச்சுவான் அந்த அலையில் நனையவில்லை. அங்கிருந்த 10 தொகுதிகளில் ராபர்ட்டின் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, பிரின்ஸ் ஆல்பர்ட்.

ஆறு ஆண்டு கழித்து, 1917 டிசம்பரில், அதே மாகாணத்தின் 16 தொகுதிகளும் ராபர்ட் போர்டனின் கூட்டணி அரசுக்கு விழுந்தன. கட்டாய ராணுவச் சேவையை ஆதரித்த பல லிபரல்கள் அவரோடு சேர்ந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் போர்டன் ஊரின் சுற்றுவட்டாரம் நேரடியாகவே உணர்ந்தது. அதுதான் போர்க்காலத் தேர்தல் சட்டம். 1902 மார்ச் 31க்குப் பிறகு கனடியக் குடியுரிமை பெற்ற, எதிரி நாடுகளில் பிறந்தவர்களின் வாக்குரிமையை அந்தச் சட்டம் பறித்தது. மகனோ பேரனோ சகோதரனோ படையில் இருந்தால் மட்டும் விலக்கு. ஆயுதம் ஏந்துவதில்லை என்ற சமயக் கொள்கையுடைய மென்னொனைட்டுகளுக்கும் டூகோபர்களுக்கும் வாக்கு இல்லை என்றாயிற்று. படைவீரர்களின் மனைவி, தாய், சகோதரி, மகள் ஆகியோருக்கு மட்டும் வாக்குக் கொடுத்தது. கனடியப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது இப்படித்தான்.

போர்டன் சுற்றுவட்டாரத்தில் யார் குடியிருந்தார்கள்? 1899இல் ரஷ்யாவிலிருந்து வந்த டூகோபர்களின் குடியிருப்புகள் ஆற்றின் இரு கரையிலும் இருந்தன. ஜெர்மன் பேசும் மென்னொனைட் குடும்பங்கள் இருந்தன. உக்ரைனியர்கள் இருந்தார்கள். 'போர்டன்' என்ற பெயருள்ள ஊரின் அக்கம்பக்கத்தார் வாக்கை 'போர்டன்' என்ற பெயருள்ள பிரதமரின் சட்டம் எடுத்துக்கொண்டது. இரண்டு ஆட்களையும் ஒன்றாக்கிப் படிக்கிறவருக்கு இந்த இடத்தில் ஊரின் வரலாறு தலைகீழாகிவிடும். தம் உரிமையைப் பறித்தவரின் பெயரையே மக்கள் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள் என்று எழுத நேரும். பெயர் முன்னமே வந்துவிட்டது, வேறொருவர் பெயராக.

இந்தியர்களுக்கு ராபர்ட் போர்டனைத் தெரியவேண்டிய காரணம் இன்னொன்றும் உண்டு. 1914 மே மாதம் 376 பயணிகளோடு வான்கூவர் வந்த கோமகட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்திவைத்து ஜூலை 23இல் திருப்பி அனுப்பியது அவர் அரசுதான். தடுக்கப் பயன்பட்ட, சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேராக வந்தவர்களே நுழையலாம் என்ற 'இடைநில்லாப் பயண' விதி லோரியே காலத்தில், ஃபிரெடரிக் அமைச்சராக இருந்த 1908இல் பிறந்தது. அந்தக் கணக்கில் இரண்டு போர்டன்களும் ஒரே பக்கம்.

ஊர்ப் பெயர்களைத் துருவுகிறவர்கள் பொதுவாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஊருக்கு மூன்று தொடக்கத் தேதிகள் இருக்கும்: அஞ்சலகம் திறந்தது, ரயில் நிலையம் வைத்தது, கிராம நிர்வாகம் பெற்றது. கையேடுகள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் தரும். பெயரின் வயதைச் சொல்வது முதல் இரண்டில் முந்தையது. அஞ்சலகத் தேதிகளைக் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகப் பதிவுகளில் தேடலாம். அங்கே ஒரே இடம் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தனித்தனிப் பதிவாக இருக்கும் என்பதால், நிலப் பிரிவு எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சமவெளி முழுவதும் ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்களாகவும், ஒவ்வொன்றும் 36 பிரிவுகளாகவும், ஒரு பிரிவு 640 ஏக்கராகவும் அளக்கப்பட்டது. பெயர் மாறும், பிரிவு எண் மாறாது. ஊர்க்காரர்கள் எழுதிய நூற்றாண்டு மலர்கள் குடும்பங்களைப் பற்றி அருமையான செய்திகளைத் தரும். பெயர்க்காரணத்துக்கு மட்டும் அவற்றை நம்பி நிற்க வேண்டாம். எழுதப்பட்ட காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த நூறு டாலர் நோட்டு, நினைவைத் தன் பக்கம் இழுத்திருக்கும்.

இனி, போர்டனோடு உண்மையிலேயே மண்ணொட்டுறவு கொண்ட அரசியல்வாதி. அவர் பெயர் போர்டன் அல்ல, டீஃபன்பேக்கர். 1895இல் ஒன்டாரியோவில் பிறந்த ஜான் டீஃபன்பேக்கர் 1903இல் பெற்றோரோடு மேற்கே வந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, 160 ஏக்கரில் ஆண்டுக்கு ஆறு மாதமாவது தங்கி, மூன்று ஆண்டுக்குள் உழுது வீடு கட்டினால் நிலம் சொந்தம் என்ற திட்டத்தில் போர்டனுக்கு அருகே குடும்பம் நிலம் பிடித்தது. 1910இல் சாஸ்கட்டூனுக்குக் குடிபெயரும்வரை அங்கே வாழ்ந்தார்கள். ஜெர்மன் ஒலியுள்ள குடும்பப் பெயரோடு, டூகோபர்களும் உக்ரைனியர்களும் சூழ வளர்ந்த அந்தச் சிறுவன், ராபர்ட்டின் கட்சியிலேயே சேர்ந்து 1957இல் பிரதமரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் சஸ்காச்சுவானின் 17 தொகுதிகளில் 16ஐ அள்ளினார். 1960இல் கனடிய உரிமைகள் பட்டயத்தைச் சட்டமாக்கியதும், பூர்வகுடிகள் தங்கள் சட்ட அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமலே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று ஆக்கியதும் அவர் அரசு. 1917இன் சட்டம் எந்த மனிதர்களிடமிருந்து எதை எடுத்தது என்பதை நேரில் கண்ட வட்டாரத்திலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டு 1960ஆம் ஆண்டை வாசிக்க என்னால் முடிவதில்லை.

ஊரை ஒட்டிய பழைய போர்டன் பாலத்துக்கும் இந்தப் பெயர் முடிச்சில் ஒரு பங்கு இருக்கிறது. 1930களின் வறட்சியும் வேலையின்மையும் வாட்டியபோது, நிவாரண வேலையாக 1936இல் எழுந்தது அது. சாலைத் தளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் கான்கிரீட் வளைவுகள். வடிவமைத்தவர் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பொறியியல் துறைத் தலைவர் சி. ஜே. மெக்கன்சி. அவரே பின்னர் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரானார். அந்தக் கழகத்தை 1916இல் தொடங்கியது ராபர்ட் போர்டனின் அரசு. இப்போதைய வாகனங்களுக்குப் பாலம் குறுகிப்போனதால் 1985இல் பக்கத்திலேயே புதியது வந்தது.

டீஃபன்பேக்கரின் பெயர் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் 225 கிலோமீட்டர் நீளும் ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போனது. அதைத் தேக்கும் அணைக்கு அவருடைய அரசியல் எதிரியான லிபரல் தலைவர் கார்டினரின் பெயர். போர்டன் அருகே அவர் வளர்ந்த மரவீட்டை 1967இல் பெயர்த்து ரெஜினாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்தும் பெயர்த்து, மூஸ் ஜா நகருக்குத் தெற்கே ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.